இருநூற்றைம்பது ஓம்

ஜூன் 3, செவ்வாய்

இது டைரி இல்லை, ரெக்கார்டிங் லாக். கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டரில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, டேக் எண், என்ன மைக், யார் பேசினார், யார் சொதப்பினார், எல்லாம் இருக்கும். திருச்சிக்கு வந்து, ஜவுளிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோ விளம்பரம் பதிவு செய்கிற பிழைப்பு ஆனதும் நோட்டு நின்றுபோனது. தள்ளுபடி விளம்பரத்துக்கு எதற்கு லாக்.

இப்போது மறுபடி தொடங்குகிறேன். ஆர்ட்டிஸ்ட் ஜெசிந்தா, வயது ஐம்பத்து நாலு, என் மனைவி. வாக்கியங்கள் முந்நூறு. முடிக்க வேண்டிய தேதி ஜூன் 22. மறுநாள் காலை, தொண்டைப் புற்றுக்காக, அவள் குரல்வளையை முழுதாக எடுத்துவிடுகிறார்கள்.

எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியமாகத்தான் இருக்கிறது. போன வாரம் டாக்டர் சொன்னபோது ஜெசிதான் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கோமதி மேடம் ஒரு வழி சொன்னார். முந்நூறு வாக்கியத்தைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்து போனில் அவள் குரலையே உண்டாக்குகிறார்களாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஜெசி எழுத்தைத் தட்டினால் போன் அவள் குரலில் பேசும். "கட்டி குரல் நாணுக்கு மேல இருக்கு சார். அதனால குரல் இன்னும் கெடல. இப்பவே எடுத்துடுங்க. உங்க தொழிலே அதுதானாமே" என்றார். ஆமாம் மேடம் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குத் தெரிந்த வேலையை ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஜூன் 4, புதன்

டேக் 1 முதல் 10 வரை, சோதனைக்கு. பழைய ஹெட்போன். கெயின் பன்னிரண்டு மணி.

மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுதான் கெயின். அதைக் கடிகார முள்ளாக நினைத்துக் குறிப்பது என் வழக்கம். ஏழு மணியில் ஒன்றும் கேட்காது, சுற்றி வந்து ஐந்து மணியில் நின்றால் முழுசு. பன்னிரண்டு நடு.

எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் மெத்தை அடித்த அறை வீட்டில் ஒன்றுதான், பத்துக்குப் பத்து. லேப்டாப்பின் ஃபேன் இரையும் என்பதால் அதை ஹாலில் வைத்து, நீள ஒயர் இழுத்து, மைக்கைச் சேர்க்கும் சின்னப் பெட்டியை மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன். பெட்டியின் பச்சை, சிவப்பு விளக்குகள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். இது நான் தியேட்டரில் போட்ட விதி. சிவப்பு எரிவதைப் பார்த்தால் எந்த ஆர்ட்டிஸ்டுக்கும் குரல் ஒடுங்கிவிடும். விளக்கையும் முள்ளையும் பார்த்துப் பதிவு செய்கிறவன் கணக்குப்பிள்ளை. ரெக்கார்டிஸ்டுக்குக் காது.

பத்தாவது வாக்கியம் முடிந்ததும் ஆர்ட்டிஸ்ட் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். டேக் ஓடும்போது நாற்காலியை விட்டு எழக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் இந்த லட்சணம். வெந்நீர் டம்ளரோடு வந்தாள். "சொல்லியிருந்தா நான் எடுத்துட்டு வந்திருப்பேன்ல" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஜூன் 5, வியாழன்

ஜெசி காலை வகுப்புக்கு மைதானத்துக்குப் போனாள். பதினோரு வருஷமாகப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். "பிரேக்கைப் புடிங்க, ஆக்சிலேட்டரை விடுங்க, என்னைப் பாக்காதீங்க ரோட்டைப் பாருங்க" என்று அவள் போடுகிற சத்தம் மைதானத்தின் அடுத்த மூலைக்குப் போகும். உறையூரில் பாதிப் பெண்கள் அந்தக் குரலுக்குப் பயந்துதான் வண்டி ஓட்டப் பழகினார்கள்.

வீட்டிலும் அதே குரல்தான். முன்பெல்லாம் அப்படி இல்லை. நாலைந்து வருஷமாகச் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறாள். மாதவிடாய் நிற்கிற காலத்தில் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் நேர்மாறு. மகள் பிரின்சி ஓசூரிலிருந்து போன் செய்தால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கோமதி மேடம் பத்து வாக்கியத்தையும் கேட்டுவிட்டுப் பேசினார். குரல் அருமை, தெளிவு. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் மெல்லிய எதிரொலி.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜெசியிடமிருந்து மூன்றடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பழைய ஹெட்போனின் காது மெத்தை உரிந்து அப்பளம்போல் உதிர்கிறது. நான் கேட்கிற சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் போகிறது. வெளியே விடாத, முதுகு மூடிய ஹெட்போன் வேண்டும்.

"எதிரொலின்னா பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியா?" என்று ஜெசி கேட்டாள்.

"யாரும் நிக்கல. சாமான் பழசு."

"நீங்க சத்தத்தைக் கொஞ்சம் கம்மியா வச்சுக் கேட்டா கசியாதுல்ல?"

தொழில் தெரியாதவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஜூன் 7, சனி

சிங்காரத்தோப்புப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் சாமான் விற்கிற ஹபீபிடம் போனேன். பதினைந்து வருஷப் பழக்கம்.

"ஓப்பனா குளோஸ்டாண்ணே? ஓப்பன்னா முதுகுல சல்லடை இருக்கும், பாட்டு கேக்க சுகம். ஆனா ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும்."

"மைக் பக்கத்துல உக்காருறேன். குளோஸ்டு."

மூன்று பெட்டி எடுத்து வைத்தான். முப்பத்திரண்டு ஓம், எண்பது ஓம், இருநூற்றைம்பது ஓம். மூன்றையும் தன் போனில் சொருகிக் கேட்கக் கொடுத்தான். மூன்றும் எனக்குப் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. 'ச'வும் 'ஸ்'ஸும் எழும்பவே இல்லை. இப்போது வருகிற சரக்கே இப்படித்தானா என்றேன். ஹபீப் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று இழுத்தான்.

இருநூற்றைம்பது ஓம் உள்ளதைக் கையில் எடுத்தேன். தியேட்டரில் நான் போட்டிருந்த அதே ரகம், அதே சாம்பல் வெல்வெட் மெத்தை.

"அது வேணாம்ணே. உங்க பெட்டி அதைத் தள்ளாது."

"ஏன்?"

"ஓம்னா கரண்டுக்குத் தடை, இம்பீடன்ஸ், இதுல அது ஜாஸ்தி. உள்ள மயிர் மாதிரி கம்பி, நிறைய சுத்து. மோட்டர் ஒண்ணுதான், கீழ் வீட்டுக்குத் தண்ணி கொட்டும், நாலாவது மாடிக்கு ஏறாது பாத்தீங்களா, அந்தக் கதைதான். முப்பத்திரண்டு ஓம் கீழ் வீடு. இருநூத்தம்பது நாலாவது மாடி, அழுத்தம் வேணும். உங்க பெட்டி கம்ப்யூட்டர் ஒயர்ல வர்ற அஞ்சு வோல்ட்டுல ஓடுது. சத்தத்தைத் தள்ளிக் குடுக்குற ஆம்ப் ஒண்ணு தனியா வைங்க. இல்லன்னா எம்பதை எடுங்க, உங்களுக்கு அது போதும்."

"இருபத்திரண்டு வருஷம் இருநூத்தம்பதுதான் போட்டேன் ஹபீப். ஆம்ப்புன்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்ல."

"சுவத்துக்கு அந்தாண்ட ரேக்குல இருந்திருக்கும்ணே. யாராவது மாட்டி வச்சிருப்பாங்க."

ஆம்ப் அவனிடம் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். தேவைப்பட்டால் சொல்கிறேன் என்று ஹெட்போனை மட்டும் வாங்கி வந்தேன். எனக்குப் பாடம் எடுக்கிறான். மைக்கைக் குறை சொல்கிற எத்தனை ஆர்ட்டிஸ்டைப் பார்த்திருப்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜூன் 9, திங்கள்

டேக் 11 முதல் 45. புது ஹெட்போன். கெயின் இரண்டு மணி.

மாட்டினதும் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி அமைதி. கசிவு துளியும் இல்லை. எதிரே உட்கார்ந்த ஜெசியே தலையாட்டினாள்.

ஒரே குறை, அவள் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. ஹெட்போன் திருகைக் கடைசிவரை திருப்பியும் போதவில்லை. ஹபீப் சொன்ன நாலாவது மாடி இதுதான் போலிருக்கிறது. மைக் கெயினைப் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்கு ஏற்றினேன். ஆள் பக்கத்தில் வந்துவிட்டாள். ஆம்ப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கை தெரிந்தவனுக்கு வழி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

டேக் 46 முதல் 90. கெயின் மூன்று மணி. மத்தியானம் ரேஷன் கடை, பருப்பு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

டேக் 91 முதல் 128. கெயின் நாலு மணி.

ஓய்வில் ஜெசி, "எப்படி வருதுன்னு நானும் கேக்குறேனே" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நூற்றிருபதாவது டேக்கை ஓட்டினேன். 'நேற்றுப் பெய்த மழையில் சாலை முழுதும் சேறு.' அவள் முகம் மாறியது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன்.

"என்னங்க இது. என் குரல் இப்படியா கிழியுது?"

வாங்கிக் கேட்டேன். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கூர்ந்து கேட்டபோது லேசாகக் கரகரத்த மாதிரி இருந்தது. சாமானில் கோளாறு இல்லை, புதுசு. மைக் என் கையில் பத்து வருஷமாக இருப்பது. அப்படியானால் கோளாறு எங்கே இருக்க முடியும்.

"கட்டி கீழ இறங்கியிருக்கும் போல ஜெசி. நாணைத் தொட்டிருக்கும். அதான்."

சொன்ன பிறகு சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவள் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, பெட்டி மேல் வைத்தாள். "அப்ப மைதானத்துல எல்லாம் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்களா" என்றாள். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்ல வேணாங்க. சொன்னா தேதியை மாத்துவாங்க, இன்னும் என்னத்தையாவது எடுக்கணும்பாங்க" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

பதிவு இல்லை. ஜெசி மைதானத்துக்குப் போகவில்லை. வகுப்புப் பெண்கள் போன் செய்தார்கள், அவள் எடுக்கவில்லை. நாள் முழுக்கப் பீரோவை ஒழித்தாள்.

ஜூன் 14, சனி

டேக் 129 முதல் 160. கெயின் நாலரை.

முன்போல் வாய்விட்டுப் படிக்க மாட்டேன் என்கிறாள். கிழிகிறது கிழிகிறது என்று குரலை ஒடுக்கிக்கொள்கிறாள். சத்தமாப் படி, சத்தமாப் படி என்று இன்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கடைசியில் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே படித்த இரண்டு டேக்கை ரத்து செய்தேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

கோமதி மேடம் பேசினார். எடுத்த வரைக்கும் அனுப்புங்க சார், பார்த்துடலாம் என்றார். பாதி வேலையை நான் யாரிடமும் காட்டியது கிடையாது. முழுசாக முடித்துத் தருகிறேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

டேக் 161 முதல் 205. கோமதி மேடம் மறுபடி கேட்டார். அதே பதில். பிறகு, என்னதான் இருந்தாலும் என்று ஹபீபுக்குப் போன் செய்து ஆம்ப்பை வரவழைக்கச் சொன்னேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை, நல்ல பையன்.

ஜூன் 17, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் ஆள் பத்து நிமிஷம் பெல் அடித்துவிட்டுத் திரும்பப் போய்விட்டானாம். ஜெசி குளித்துக்கொண்டிருந்தாள், நான் ஹாலில்தான் இருந்தேன். பெல்லில் பேட்டரி தீர்ந்திருக்கும். "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான்" என்று ஜெசி முணுமுணுத்தாள். சொல்லவில்லை என்கிறாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

டேக் 300. முடிந்தது.

முந்நூறாவது வாக்கியம் 'எல்லாரும் வந்துவிட்டார்கள், கதவைச் சாத்து.' யார் எழுதினார்களோ. படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பென்டிரைவைக் கோமதி மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் முகாமுக்குப் புதுக்கோட்டை போகிறார், வந்துதான் கேட்பார்.

ஜூன் 20, வெள்ளி

ஆம்ப் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். மாட்டியதும் ஹெட்போனுக்கு உயிர் வந்துவிட்டது. பாதித் திருகிலேயே காது அதிர்கிறது. ஹபீப் சொன்னது சரிதான்.

இவ்வளவு சத்தம் வந்தும் ஜெசியின் 'ச'வும் 'ஸ்'ஸும் வரவில்லை. தியேட்டரில் இதே ரக ஹெட்போனில் ஒரு நடிகை எச்சில் விழுங்கினால் சொல்லிவிடுவேன். ஹெட்போன் போலிச் சரக்கோ என்னவோ. கரகரப்பு மட்டும் இப்போது எனக்கும் தெரிந்தது. பாவம், தொண்டை.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரி. பிரின்சி வந்துவிட்டாள். தாயும் மகளும் கட்டிலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசினார்கள். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். இரண்டு பேரும் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். ஜெசி என் சட்டையைப் பிடித்துக் குனிய வைத்து, காதருகே என்னவோ சொன்னாள். சரி என்றேன்.

ஜூன் 25, புதன்

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக டாக்டர் சொல்கிறார். கட்டி குரல் நாண் வரை இறங்கியிருந்ததா என்று கேட்டேன். "இல்லையே, நாணைத் தொடவே இல்ல. யார் சொன்னது?" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

கோமதி மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

குரலைப் படமாகப் பார்த்தால் மலைத்தொடர்போல் இருக்கும், ஏறும் இறங்கும். சோதனைக்கு எடுத்த பத்தும் அப்படித்தான் இருந்தன. அதற்குப் பிறகு எடுத்தவற்றுக்குத் தலையே இல்லை. மேலும் கீழும் கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக ஓடியது. பதினொன்றிலிருந்து முந்நூறு வரை அப்படியே.

"கெயின் ரொம்ப ஏத்தி வச்சிருக்கீங்க சார். எல்லாம் உடைஞ்சிருக்கு. இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"தொண்டை கரகரப்பு இல்லையா மேடம் அது?"

"தொண்டை இல்ல சார், ரெக்கார்டிங். அவங்க குரல் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமே?"

டேப் ஒட்டியிருந்தேன் என்று சொன்னேன். உடையாத பத்து வாக்கியம் போதாது என்றார். பிரின்சியின் போனில் ஜெசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இரண்டு இருக்கிறது, அதில் ஸ்கூட்டர் சத்தம்தான் பாதி. குரலை உண்டாக்க முடியாது. அவ்வளவுதான்.

ஹெட்போனில் சத்தம் குறைந்ததற்கு மைக்கை ஏற்றியிருக்கிறேன். நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கீழே குழாயை உடைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருவன் செய்திருந்தால் காதைத் திருகி வெளியே அனுப்பியிருப்பேன்.

ஜூன் 28, சனி

நேற்று நான் எழுந்து வரும்போது கோமதி மேடம் பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லையாம். இன்று அவரிடமே காது பரிசோதனை.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒரு ஹெட்போனை மாட்டினார். குளோஸ்டு. இதற்கு எத்தனை ஓம் இருக்கும் என்று பார்த்தேன், எழுத்து அழிந்திருந்தது. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் ஊம் ஊம் என்று சில சத்தம் வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, "அடுத்தது ஆரம்பிக்கலையா மேடம்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

தாளில் இரண்டு காதுக்குமான கோடும் பாதிவரை நேராகப் போய், பிறகு படிக்கட்டில் தவறி விழுந்தவன் மாதிரி கீழே விழுந்திருந்தது. உச்சச் சத்தம் காதில் விழாமல் போய் நாலைந்து வருஷமாவது ஆகியிருக்கும் என்றார். வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். பிரின்சி பக்கத்தில்தான் நின்றாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன்ப்பா, காதைக் காட்டுங்கன்னு. போன்ல மைக் சரியில்ல, போன்ல மைக் சரியில்லன்னே சொன்னீங்க" என்றாள். இதை எனக்குக் கேட்கிற மாதிரி கத்தித்தான் சொன்னாள்.

எனக்காக இத்தனை வருஷம் கத்தியதால்தான் ஜெசிக்குத் தொண்டையில் வந்ததா என்று மேடத்திடம் கேட்டேன். கத்துவதால் புற்று வராது சார் என்றார். இரண்டு தடவை சொன்னார். நம்ப முயற்சி செய்கிறேன்.

கூடம் கோணல் இல்லை.

ஜூலை 5, சனி

ஜெசி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மூக்கில் சாப்பாட்டுக் குழாய். பட்டனை அழுத்தினால் அழிகிற குழந்தைகள் சிலேட்டுதான் பேச்சு. பிரின்சி ஒரு போன் செயலி போட்டுக் கொடுத்தாள். அதில் யாரோ ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோல் 'தயவுசெய்து விளக்கை அணைக்கவும்' என்கிறாள். ஜெசி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். 'என் குரல் எப்ப வரும்?' என்று எழுதிக் காட்டினாள். பிரின்சி என்னைப் பார்த்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிரின்சியைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கெயின், ஓம், டேப் ஒட்டினது, காது, எல்லாவற்றையும் சொன்னேன். குரல் இனி வராது என்றும் சொன்னேன்.

அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. 'அப்ப என் குரல் கிழியலையா?' என்று எழுதினாள்.

"கிழியல."

'கட்டி இறங்கலையா?'

"இறங்கல. டாக்டரே சொன்னார். கிழிச்சது நான்தான் ஜெசி."

சிலேட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மைதானத்துக்குக் கடைசியாக ஒரு வாரம் போயிருக்கலாம் அவள். அந்தப் பெண்களிடம் வாய்விட்டு நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். நான் சொன்ன ஒரு சொல்லால் அதுவும் போனது.

ஜூலை 7, திங்கள்

சிலேட்டை எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எடுக்கவில்லை. பிரின்சி ஓசூர் கிளம்பினாள். குழாயில் கஞ்சி விடக் கற்றுக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

கேட்டேவிட்டேன். "ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல என்னவோ சொன்னியே ஜெசி. எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன்."

மூன்று நாளைக்குப் பிறகு சிலேட்டைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் எழுதாமல் வைத்திருந்துவிட்டு, 'மறந்துபோச்சு' என்று எழுதினாள்.

ஜூலை 10, வியாழன்

மத்தியானம் ஜெசி தானாக எழுந்து மெத்தை அறைக்கு வந்தாள். அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைக் காட்டினாள்.

அந்தப் பத்து வாக்கியம்தான் மிச்சம். ஆம்ப்பில் மாட்டி அவள் காதில் வைத்தேன். சத்தம் குறைவாக வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள், வைத்தேன். லேப்டாப்பை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி ஓட்டினேன். பெட்டி மேலிருந்த டேப்பை உரித்துவிட்டேன். இப்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். உதடு கூடவே அசைந்தது. திரையில் ஒவ்வொரு வாக்கியமும் மேடாக வந்து போயிற்று, தலை வெட்டுப்படாத மேடு. பத்தாவதும் போன பிறகு, நான் டேக் முடிந்தது என்று நினைத்திருந்த இடத்தில், மூன்று சின்ன மேடுகள் வந்தன. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இரண்டு, இடைவெளி, மூன்று.

நிறுத்தி, ஹெட்போனை வாங்கிச் சத்தத்தை ஏற்றிக் கேட்டேன். ஏதோ முணுமுணுப்பு மாதிரி இருந்தது, சொல் பிடிபடவில்லை. திரையைத் தொட்டுக் காட்டி, "இங்க என்ன சொல்ற?" என்றேன்.

எழுதினாள். 'தொண்டை எரியுது. கொஞ்சம் வெந்நீர் தாங்க.'

"மூணும் அதுவா?"

தலையாட்டினாள்.

நோட்டைப் புரட்டினேன். ஜூன் 4. ஆர்ட்டிஸ்ட் எழுந்து போய்விட்டாள், இந்த லட்சணம் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சொல்லியிருந்தால் எடுத்து வந்திருப்பேனே என்று வேறு கேட்டிருக்கிறேன்.

போய் வெந்நீர் வைத்தேன். வாய் வழியாக இன்னும் ஒரு வாரத்துக்கு எதுவும் கூடாது. இளஞ்சூட்டுக்கு ஆற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐம்பது மில்லி எடுத்து, மூக்குக் குழாயில் மெதுவாக விட்டேன். குழாயில் போகிற தண்ணீர் தொண்டையில் படாது. முடிகிறவரை ஜெசி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.